அடி வாங்கியவன் நான்தான்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயில், இரண்டாவது வளைவுக்குக் கீழே, சில வாரங்களாகக் கசிவு. பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி. பிளம்பர் வந்தால் குழாயோடு சுவரையும் சேர்த்து உடைப்பான், பிறகு கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கும் என்பது என் மனைவி கலாவின் கட்சி. இரு தரப்பும் தத்தம் வாதங்களை முன்வைத்தன. எதிர்வீட்டுக்காரர் பார்வையாளராகக் கலந்துகொண்டார். காபிக்காக ஒத்திவைக்கப்பட்ட அவை மீண்டும் கூடியபோது, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்துக் கசிவின் மேல் இறுக்கிச் சுற்றிவிடுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

ட்யூப் வாங்கிவரும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. பஞ்சர் கடைக்காரர் ஆணியில் தொங்கிய பழைய ட்யூபுகளைக் காட்டி, "எத்தினி முழம் சார் வோணும்?" என்று பூ விற்கிறவர் போலக் கேட்டார்.

"வால்வு இல்லாத துண்டா குடுங்க."

"பைப்புல சுத்தறதுக்கு வால்வு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா சார்? பைப்புக்கு வலிக்கவா போவுது?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். துண்டைக் கையில் வாங்கியதும் உள்ளே இருந்த வெள்ளைப் பவுடர் விரல்களில் ஒட்டியது. வெயிலில் வெந்த ரப்பரின் வாசனை எழுந்தது. உன்னைப் பற்றி நினைப்பதில்லை என்று எனக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அது அந்தக் கடை வாசலில் முறிந்தது. நீ இறந்துவிட்டாய், இதற்குப் பதில் வராது. உன்னிடம் பேசுவதற்கு இதைவிட வசதியான நிலைமை முன்பு எப்போதும் அமைந்ததில்லை.

நம் தெருவை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் நீ பிற்பாடு பிறருக்கு விவரித்த தெருவில் சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் போகும் வழியில், ரயில் தண்டவாளத்துக்கும் ஹைவேக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தெரு அது. தாத்தாக்கள் பிறர் வயலில் நாற்று நட்டார்கள். அப்பாக்கள் காலத்தில் வயலிருந்த இடத்தில் கம்பெனிகள் முளைத்தன. என் அப்பா ரோலிங் மில்லில் மேஸ்திரி. பகலெல்லாம் நெருப்பாய்ச் சிவந்த கம்பியை இடுக்கியால் பிடித்து இழுப்பார். வீட்டில் எங்களை அடிப்பது அவருக்கு ஓய்வு. உன் அப்பா ரயில்வேயில் கீமேன். தோளில் சுத்தியலோடு தண்டவாளத்தின் மேலேயே நடந்துபோய், தளர்ந்திருக்கும் இடங்களைத் தட்டி இறுக்கிவிட்டு வருவார். வாழ்நாளில் அவர் அடித்தது தண்டவாளத்தை மட்டும்தான்.

பொங்கலுக்கு நடக்கும் வாலிபால் போட்டிக்கு அவர்தான் அம்பயர். வாயில் விசிலை வைத்துக்கொண்டு கோட்டருகே நிற்பார். பந்து வெளியே விழுந்ததை ஊரே பார்த்திருக்கும். "கோட்டு மேல வுழுந்தா உள்ளதாம்பா" என்று தோற்கிற பக்கத்துக்குப் பாயின்ட் கொடுப்பார். நியாயமாக நடக்க வேண்டிய போட்டி அவரால் ஒவ்வொரு வருஷமும் கெட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் போன பிறகு, போட்டிக்கே 'கீமேன் நினைவுக் கோப்பை' என்று பெயர் வைத்தார்கள்.

என் வீட்டில் அடி விழும் நாட்களில் நான் உங்கள் வீட்டுக்கு ஓடிவருவேன். உன் அம்மாவை நான் அத்தை என்றும் உன் அப்பாவை மாமா என்றும் கூப்பிடுவேன். அத்தை என் சட்டையைக் கழற்றி, தேங்காயெண்ணெயை மஞ்சளோடு சுடவைத்து முதுகில் தடவுவாள். தடவிக்கொண்டே என் அப்பாவைத் திட்டுவாள். அந்தத் திட்டுகளின் தரத்தை நான் பிறகு படித்த எந்த நூலிலும் கண்டதில்லை. மாமா ஒருமுறை எங்கள் வீட்டுக்கே போய், "மேஸ்திரி, கம்பின்னு நெனச்சிக்கினியா புள்ளைய?" என்று கேட்டார். "உன் புள்ளைய நீ மடியில வெச்சிக் கொஞ்சு. என் புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார் என் அப்பா. இரண்டு பேருமே சொன்னபடி நடந்துகொண்டார்கள்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டால், நீ கேட்டுக்கொண்டிருந்தாய். எண்ணெய் காயும்வரை நான் குப்புறப் படுத்திருப்பேன். நீ வேர்க்கடலை கொறித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய்.

"வலிக்கசொல்லோ இன்னாடா நெனச்சிக்குவே?"

"கூட்ஸ் வண்டிப் பொட்டிய எண்ணுவேன்."

"வண்டி வரலைன்னா?"

"வர்றாப்ல நெனச்சிக்கினு எண்ணுவேன்."

"அப்புறம்?" என்பாய். எப்போதும் 'அப்புறம்' உண்டு உன்னிடம். நானும் சொல்வேன். என் அம்மா அடி பொறுக்காமல் பள்ளிப்பட்டிலிருந்த தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வராததையும், அண்ணனையும் என்னையும் விட்டுப்போனதையும் சொன்னேன். அவள் மறந்துவிட்டுப் போன சீப்பை நான் சுவர்ப் பொந்தில் ஒளித்துவைத்திருந்ததையும், அதன் பற்களில் அவள் முடி சிக்கியிருந்ததையும் சொன்னேன். அப்பா அதைக் கண்டுபிடித்து அடுப்பில் போட்டபோது வந்த நாற்றம்தான் எனக்கு அவளுடைய கடைசி வாசனை என்பதையும் சொன்னேன். அண்ணனுக்குக்கூடத் தெரியாத விஷயம் அது. அதை நீ இரண்டு மூன்று முறை கேட்டு வாங்கினாய். பேசுகிறவனை நிறுத்தாமல் கேட்பவனுக்கு நண்பன் என்று பெயர் என்பது அப்போது என் புரிதல்.

பிறகு நாம் வளர்ந்தோம். நான் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, பிறர் வந்துபோகும் நேரத்தைக் கவனித்தபடி புத்தகம் படித்துக் காலம் தள்ளினேன். நீ ஐடிஐயைப் பாதியில் விட்டாய். கான்ட்ராக்ட் வேலைகள் சிலவற்றையும் விட்டாய். கடைசியில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு சர்வீஸ் செய்கிறவனாக ஆனாய். உன்னைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. உன்னிடம் அன்பாக இருந்தவர்கள்தான் அதிகம். அதைத் தவிர உனக்கு நேர்ந்த துன்பம் என்று எதையும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டேன்.

திருவள்ளூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வயதான வைணவத் தம்பதி இருந்தார்கள். பெரியவர் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சொல்கிறவர். மகளுக்குக் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். அவர்கள் வீட்டு மெஷினுக்கு ஃபில்டர் மாற்றப் போய்வந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாய்: "அந்தம்மா மோர் குடுத்தாங்க மச்சான். அவங்க குடிக்கற அதே வெள்ளி டம்ளர்ல. குட்ச்சிட்டு நானே கழுவி வைக்கப் போறேன், 'வெச்சுட்டுப் போப்பா, நான் பாத்துக்கறேன்'ங்கறாங்க." அன்று அதையே இரண்டு முறை சொன்னாய். ஊரில் எத்தனையோ வீட்டில் நம்மை வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள் என்பதால் எனக்கும் அது பெரிய விஷயமாகத்தான் பட்டது. அந்த வீட்டில் எவ்வளவு வெள்ளி இருந்தது என்று நீ பார்த்துக்கொண்டு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சர்வீஸுக்குப் போனபோது, ஹெல்பர் என்று சொல்லி ஒருவனைக் கூட அழைத்துப் போனாய். அவனும் ஒரு பஞ்சர் கடைக்காரன், வேறு ஊர். அந்த அம்மாள் உங்கள் இருவருக்கும் மோர் கலக்கப் போயிருக்கிறாள். அவன் பையில் கொண்டுவந்திருந்த ட்யூப் நாடாக்களால் முதியவர்கள் இருவரையும் கட்டினீர்கள். வாயையும் சேர்த்துக் கட்டினீர்கள். நீங்கள் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தபோது அடுத்த அறையில் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. எளாவூர் செக்போஸ்டில் ஆந்திரா போகும் லாரி ஒன்றில் நகைகளோடு உன்னைப் பிடித்தார்கள். உன் கூட்டாளி அப்ரூவராகி, நடந்ததெல்லாம் உன் யோசனை என்று சாட்சி சொன்னான். அவனுக்கு மன்னிப்பும் உனக்குத் தூக்கும் கிடைத்தன.

தூக்குத் தண்டனை கூடாது என்று டீக்கடையில் பல வருஷங்களாகப் பேசிவந்தவன் நான். செலவில்லாத கருத்து அது. தூக்கில் போடப்படுகிறவர்கள் எல்லாரும் செய்தித்தாளில் இருந்தார்கள். தீர்ப்பு வந்த மறுநாள் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி கேட்டார்: "இன்னா சார், கருத்து மாறிச்சா, இல்ல அப்படியேதான் கீதா?" அப்படியேதான் இருக்கிறது என்றேன். அந்த அம்மாள் மோர் கலக்கிக்கொண்டிருந்ததை நினைக்காத நேரங்களில் அது உண்மையாகவும் இருந்தது.

கீழ்க்கோர்ட் தூக்குப் போட்டால் ஹைகோர்ட் அதை உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யும் முன், இந்த மனிதன் எப்படி வளர்ந்தான், திருந்துவானா என்று விசாரித்து அறிக்கை தரச் சொல்வார்களாம். அதற்கென்று படித்த ஒரு இளம்பெண் ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பார்க்கக் கல்லூரி மாணவி போலிருந்தாள். உன்னைச் சிறையில் பலமுறை சந்தித்துப் பேசியிருந்தாள்.

"சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கார் சார். நீங்கதான் நெருங்கின நண்பர்னு உங்க பேரைக் கொடுத்தார். நீங்க பார்த்ததைச் சொன்னா உதவியா இருக்கும்."

"என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டேன்.

"அவரோட அப்பா தினமும் குடிச்சுட்டு வந்து பெல்ட்டால அடிப்பாராம். அம்மா தாங்கமுடியாம இவரை விட்டுட்டு அடிக்கடி பள்ளிப்பட்டுக்குப் போயிடுவாங்களாம்."

அத்தையின் தாய்வீடு திருவாலங்காடு. பள்ளிப்பட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. காபி கொண்டுவந்த கலா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி தொடர்ந்தாள்.

"அம்மா விட்டுட்டுப் போன சீப்பை இவர் செவுத்துப் பொந்துல ஒளிச்சு வெச்சிருந்தாராம் சார். அப்பா அதை எடுத்து அடுப்புல போட்டுட்டாராம். இதைச் சொல்லும்போது அழுதுட்டார்."

அதற்கு நான்கூட அழுததில்லை.

இருபுறமும் என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ பொய்யன் என்று அறிக்கையில் வரும். தூக்குக் கயிறு உறுதியாகும். ஆமாம் என்றால் கீமேன் குடிகாரன், பிள்ளையை அடித்தவன். இறந்துபோனவருக்கு எதிராக உயிரோடிருப்பவன். டீக்கடையில் இவ்வளவு விவரமாக யாரும் விவாதித்ததில்லை. அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.

"பெல்ட் இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் வாடியது. "இல்லையா சார்?"

"சைக்கிள் ட்யூப். ரெண்டா மடிச்சு, வால்வு இருக்கற பக்கம் வெளியே வர்ற மாதிரி புடிச்சு அடிப்பாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பத்திரிகையில் சிறு தகவல் பிழை வந்தால்கூட மறுப்புக் கடிதம் எழுதும் வழக்கம் எனக்கு உண்டு. திருட்டுப்போன பொருளுக்கும் சரியான அடையாளம் சொல்வதுதானே முறை. அவளோ எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த முதியவர்களைக் கட்டியது எதைக் கொண்டு என்று அவள் வழக்குக் காகிதங்களில் படித்திருக்கிறாள்.

"ட்யூபா? நிச்சயமா தெரியுமா சார்?"

"நிச்சயமா. அடி விழும்போது கத்த மாட்டான். கூட்ஸ் வண்டிப் பெட்டியை எண்ணிக்கிட்டு நிப்பான். வண்டி வராத நேரத்துல வர்ற மாதிரி நினைச்சு எண்ணுவான்."

'நிப்பான்' என்றேன். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் கூசவில்லை. அதுதான் கூசியது.

அவள் போன பிறகு கலா காபி டம்ளர்களை எடுக்காமல் என் எதிரே உட்கார்ந்தாள். "சட்டையக் கயட்டிட்டு முதுகைத் திருப்பிக் காட்டியிருக்கக் கூடாதா? வால்வு தடம் ஒண்ணொண்ணும் எட்டணாக் காசாட்டம் அப்படியே கீது." டம்ளர்களை நானே எடுத்து அடுக்கினேன். "அந்தாளு முதுகுல ஒரு கீறல் இருக்காது. அத்தக் கூடவா பாக்க மாட்டாங்க?" என்றாள்.

பார்க்கவில்லை. உன் முதுகை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

மறுநாள் அத்தையைப் போய்ப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து சென்னாக்குன்னிக் கருவாட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு இங்கியும் வந்துச்சி. நான் ஆமான்னுட்டேன்."

"மாமா அடிச்சாருன்னா?"

"குடிச்சாரு, அடிச்சாரு, நான் பள்ளிப்பட்டுக்குப் போய்ட்டேன். அது கேட்டதுக்கெல்லாம் ஆமா." முறத்தைத் தட்டினாள். "பள்ளிப்பட்டுல யார் ஊடுன்னு கேட்டுச்சி. எனக்கு இன்னா தெரியும்? உங்கம்மா பேரத்தான் சொன்னேன், அக்கா ஊடுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது.

"ஊரு மாமாவ இன்னா பேசும் அத்தை?"

"பேசட்டும். அவரு இருந்திருந்தா, 'ஆமா சாமி, நான்தான் அடிச்சேன், என்னையத் தூக்குல போடுங்க'ன்னு அவரே போய் நின்னுக்கினு இருப்பாரு. உனக்குத் தெரியாதா?" சற்று நேரம் பொறுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "உன்னுதத்தான் எடுத்துக்கினான். தெரியும். மன்சுல வெச்சுக்காதடா கண்ணு" என்றாள்.

தீர்ப்பு நாளில் ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தேன். தூக்கு ஆயுளாகக் குறைந்தது. நீதிபதி ஒரு பத்தியைக் குரலைத் தாழ்த்திப் படித்தார். எந்தப் பொருளால் ஒரு குழந்தை வதைக்கப்பட்டதோ, அதே பொருளை வளர்ந்த பிறகு அவன் கை தேடியிருக்கிறது என்றும், அந்தக் கையைத் தயார் செய்தவர் வேறொருவர் என்றும் அதில் இருந்தது. நல்ல பத்தி. இலக்கியம் படித்து வீணாய்ப்போன எனக்கே தோன்றாத படிமம். ட்யூப் அங்கே வந்ததற்குக் காரணம் உன் கூட்டாளி பஞ்சர் கடை வைத்திருந்தது என்பதை அந்த அழகான பத்திக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அற்பமாகத்தான் இருந்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் பத்தி வந்தது. உள்ளூர்ப் பதிப்பில், நெருங்கிய நண்பரின் சாட்சியம் என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள்.

வராந்தாவில் அந்தத் தம்பதியின் மகள் என்னருகே வந்து நின்றாள். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் மெல்லிய கோடாக இருந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"நீங்கதானே அவரோட ஃப்ரெண்ட்?"

"ஆமாம்மா."

"அவரை அப்படியெல்லாம் நிஜமாவே அடிச்சாளா?"

என்னால் 'அவரை' என்ற சொல்லை மட்டும் தவிர்க்க முடிந்தது. "அடி பலம்தாம்மா" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா இருந்திருந்தா இதைக் கேட்டுட்டு அழுதிருப்பா. அவளுக்கு யாரையாவது அடிச்சான்னா தாங்காது. நான் இதோட விட்டுடறேன். மேல எங்கயும் போகப் போறதில்லை" என்றாள். அவள் அப்பா அம்மாவைக் கொன்றாய். பிறகு, நான் வாங்கிய அடியைக் காட்டி அவளிடம் கண்ணீரும் வாங்கிக்கொண்டாய். உன் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமாக முடித்த வேலை அதுதான்.

சில மாதம் கழித்து மனு போட்டு உன்னைச் சிறையில் பார்க்க வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். உடம்பு ஏறியிருந்தது. அம்மாவைப் பற்றிக் கேட்டாய், தெருவைப் பற்றிக் கேட்டாய், வாலிபால் போட்டியில் யார் ஜெயித்தது என்று கேட்டாய். நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்.

"ஏன்டா என்னுதை எடுத்த?"

நீ சற்றும் தடுமாறவில்லை. "வேற எத்த எடுக்கறது? என்னுதுல இன்னா கீது மச்சான்? எங்க நைனா அட்ச்சாரா, பட்னி போட்டாரா? ஞாயித்துக்கெயமை ஆனா கறி. 'நல்லா வளத்தாங்க சார், நான்தான் இப்படி ஆய்ட்டேன்'னு சொன்னா தொங்க வுட்ருவானுங்க. அந்தப் பொண்ணு கேக்குது, அப்புறம், அப்புறம்ங்குது. எனக்கு உன்னுதுதான் வாயில வந்துச்சி."

"சீப்பும்?"

அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினாய். பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "உங்கிட்ட சும்மாத்தானே கெடந்துச்சி. நீதான் அத்த எதுக்கும் யூஸ் பண்லியே" என்றாய்.

நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எனக்குப் பதில் சொல்லத் தோன்றியது. இப்போது சொல்கிறேன். ஆமாம், நான் அதை எதற்கும் பயன்படுத்தவில்லை. என் அப்பனைப் போல ஆகாமலிருப்பதற்கு மட்டும்தான் பயன்படுத்தினேன். அதற்கே முழுவதும் செலவாகிவிட்டது. மிச்சமிருந்ததை நம்பி உன்னிடம் வைத்திருந்தேன்.

பிறகு நான் வரவில்லை. நீ மாரடைப்பில் போனதாகத் தகவல் வந்தது. உன்னைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது அத்தைக்குத் துணையாக நின்றேன். குளிப்பாட்ட உன்னைத் திருப்பிப் போட்டார்கள். உன் முதுகைப் பார்த்தேன். குழந்தையின் முதுகு போல இருந்தது. அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "நீ வெய்யி" என்றாள். வைத்தேன்.

உன் சாவுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு நடைமுறைச் சிக்கல். என் பேரப்பிள்ளைகளோ நண்பர்களோ, "சின்ன வயசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எதைத் தொட்டாலும் அது ஹைகோர்ட்டில் உன் பெயரில் பதிவாகியிருக்கிறது. முதுகில் இருக்கும் தடங்கள்கூட, சட்டத்தின் பார்வையில், வேறொருவனுடைய காயங்களை நான் வைத்துக்கொண்டிருப்பதாகத்தான் ஆகும். சீப்பு எரிந்த நாற்றம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை நீ சொல்லத்தான் முடிந்தது, எடுத்துப்போக முடியவில்லை. கூட்ஸ் வண்டி போனால் இன்றும் எண்ணுகிறேன்.

குழாயைக் கட்டிய அதே ஞாயிற்றுக்கிழமை மாலை, தெரு இளைஞர் மன்றத்தில் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கான கூட்டம் இருந்தது. எளாவூரில் லாரி ஷெட் வைத்திருக்கும் என் அண்ணனும் வந்திருந்தார். மன்றச் செயலாளர் நல்ல பையன், ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். எழுந்து நின்று தயக்கத்தோடு பேசினான்.

"கீமேன் பேர்ல கோப்பை குடுக்கறது பேஜாரா கீது. சின்னப் பசங்க கேக்கறானுங்க. புள்ளைய ட்யூபால அட்ச்சி அட்ச்சி கொலகாரனா ஆக்குனவர்னு பேப்பர்லயே வந்துட்ச்சி. கோர்ட்டே சொல்லிட்ச்சி."

நான் எழுந்தேன். "கீமேன் வாழ்நாள்ல யாரையும் அடிச்சதில்லை" என்றேன். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"சார்" என்றான் அந்தப் பையன், மிகுந்த மரியாதையோடு. "ட்யூப்னு சொன்னதே நீங்கதானே சார்?"

மேற்கொண்டு யாரும் பேசாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இந்தப் பொங்கலிலிருந்து போட்டிக்கு மேஸ்திரி நினைவுக் கோப்பை என்று பெயர். கோப்பை என் அண்ணன் உபயம். என் அப்பாவின் படத்தை அதில் பொறிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.